இரவல் சோபாவில் மேடம்

என் மகள் ஷம்சியா சமூகப்பணியில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்தபோது, அது என்ன படிப்பென்று எங்கள் மட்டாஞ்சேரிச் சந்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. நாலு வீட்டு விஷயத்தை விசாரிக்க எதற்குக் காலேஜ்? நான் சாயா குடித்துக்கொண்டே செய்வேனே! கூடப் படித்தவர்களில் ஒருத்தி ஆஸ்பத்திரியில், ஒருவன் குடியை நிறுத்தும் சென்டரில், இன்னொருவன் பெங்களூரில் ஏதோ கம்பெனியின் தர்மக் காசைப் பங்குவைக்கிறான். இவளுக்குக் கிடைத்தது பிள்ளைகளைத் தத்துக் கொடுக்கும் ஆபீஸ். பிள்ளை கேட்பவர்களின் வீட்டைப் பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும். யார் வீடென்று மூச்சுவிட மாட்டாள், அழுத்தக்காரி.

போன வருஷம் பக்கத்து வீட்டு ரஜிதா ஓடிவந்தாள். புருஷன் சுஜித்துக்குக் கார்ப்பரேஷனில் குப்பை லாரி ஓட்டும் வேலை. பிள்ளை இல்லை.

"இத்தா, தத்துக்கு வீடு பாக்க நாளைக்கு ஆபீஸ்லேருந்து பிந்து மேடம் வராங்க. எங்க வீட்டுல பிளாஸ்டிக் கசேரதான் இருக்கு. உங்க சோபாவத் தருவீங்களா?"

மறுநாள் ஷம்சியா வேலைக்குக் கிளம்பியதும் சோபா போனது, நாற்காலிகள் என் வீட்டுக்கு வந்தன. எதிர்வீட்டு ஆவுடையம்மாள் தன் பிரிட்ஜைக் கொடுத்தாள். நான் அங்கேயே நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பழம்பொரி சுட்டேன். தட்டோடு வெளியே வந்தால், சோபாவில் என் மகள்! பிந்து மேடத்துக்குக் காய்ச்சலாம், பதிலுக்கு இவளாம்.

"சோபா உங்களோடதா சேட்டா?"

"ஆமா மேடம்," என்றான் சுஜித். சின்ன வயசில் இவளைத் தோளில் தூக்கித் திரிந்தவன், மேடமாம்!

"இந்தப் பேனா மஷிக்கறை?"

"அது... வாங்கும்போதே இருந்துச்சு."

"பத்தாம் கிளாஸ்ல நான் கொட்டினது. உம்மா கரண்டியால அடிச்சாங்க."

ரஜிதா பொலபொலவென்று அழுதாள். "இனி பிள்ளை கிடைக்காதா மேடம்?"

ஷம்சியா அசையவில்லை. "நீங்க ரெண்டு பேரும் வெளிய போயிருக்கும்போது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா யாரு பாப்பாங்க?"

"நான் பாப்பேன்டி!" என்று கத்திவிட்டேன். ஜன்னல் வழியாக ஆவுடையம்மாளும் கத்தினாள்.

சாயங்காலம் அவளுக்குச் சாயா தரவில்லை. "என்ன எழுதினே?"

ஆபீஸ் விஷயத்தில் முதல் தடவையாக வாய் திறந்தாள். "எல்லாம் இரவல்னு எழுதினேன்."

"படுபாவி!"

"கேட்டதும் சந்தே தூக்கிக் குடுத்துச்சுன்னும் எழுதினேன். சோபா என் உம்மாவோடதுன்னும் எழுதிட்டேன். தெரிஞ்சவங்க வீட்டுக்கு என் ரிப்போர்ட் மட்டும் செல்லாது, அதனால பிந்து சேச்சி மறுபடி வந்து பாப்பாங்க."

அடுத்த வாரம் பிந்து மேடம் வந்தாள். ரஜிதாவின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சந்து முழுக்க விசாரித்து, என் பழம்பொரியையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போனாள்.

இந்த வருஷம் ரஜிதா வீட்டுக்குப் பெண் குழந்தை வந்தது. அன்றைக்குச் சோபாவை மறுபடி தூக்கிப்போனோம், நாற்காலிகள் மறுபடி என் வீட்டுக்கு வந்தன. குழந்தை சரியாக அந்த மைக்கறை மேலேயே மூத்திரம் பெய்தது. நான் சோபாவைத் திரும்பக் கேட்கவில்லை. எங்கள் வீட்டு மேடம் இப்போது ரஜிதாவின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் சாயா குடிக்கிறாள்.