டிராம் கணக்கில் நீந்திய தாவூத்

வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. தாவூதின் மகள் மெஹர். "மாமா, அத்தா மவுத்தாயிட்டாரு. தூக்கத்துலயே போயிட்டாரு. மொதல்ல ஒங்களுக்குத்தான் சொல்லணும்னு சொல்லி வெச்சிருந்தாரு" என்றாள். ஈரத் துண்டோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவனோடு நீந்தியவர்களும், அவன் நீந்தும்போது கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தியவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். அழுதுகொண்டே எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் தாவூதை நினைத்தால் எனக்கு அழுகை அதிக நேரம் நீடிப்பதில்லை. கையும் காலும் பரபரக்க ஆரம்பித்துவிடுகின்றன. ஒன்று மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். ‘அவர்’ போட்டு எழுதினால் யாரோ பெரிய மனிதரைப் பற்றி எழுதுகிறேன் என்று அவனே நினைத்துக்கொள்வான். அதனால் ‘அவன்’ என்றே எழுதுகிறேன்.

யுத்தம் தொடங்கியிருந்த நேரம். அப்பா வக்கீல், தியாகராய நகரில் புது வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். கல்லூரி மாணவனான எனக்குக் கல்கத்தாவிலிருந்து வந்த மாமா ஒருவர் ஃப்ரீஸ்டைல் நீச்சல் சொல்லிக்கொடுத்திருந்தார். முழங்கை உயர வேண்டும், விரல்நுனி முதலில் தண்ணீரைத் தொட வேண்டும் என்று ஆயிரம் சட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் அடையாற்றுப் பாலத்தருகே ஆற்றில் இறங்கி, என் அழகை நானே ரசித்துக்கொண்டு நீந்துவேன். ஒருநாள் பக்கத்தில் ஒருவன் தண்ணீரை அடித்துத் துவைத்துக்கொண்டு வந்தான். தலையைத் தூக்கி, "இன்னா நைனா, நீஞ்சறியா, பூப்பறிக்கிறியா?" என்றான்.

எனக்கு வந்ததே கோபம்! எதிர்க்கரை வரை போட்டி என்று சவால் விட்டேன். நான் பாதி ஆற்றைத் தாண்டியபோது அவன் எதிர்க்கரையில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தான். அடுத்த ஞாயிறும் போனேன், அடுத்த ஞாயிறும் தோற்றேன். அவனை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

தாவூத் மயிலாப்பூர்க்காரன். அவன் அத்தா டிராம் கண்டக்டர். லஸ், ராயப்பேட்டை, மவுண்ட் ரோடு என்று நிறுத்தங்களின் பெயர்களைக் கேட்டுக்கொண்டே வளர்ந்த பிள்ளை. நீண்ட தூரம் நீந்துகிறவனுக்குப் பெரிய தொல்லை, எத்தனை முறை போய் வந்தோம் என்பதை நினைவில் வைப்பதுதான். களைப்பு ஏற ஏற எண்ணிக்கை நழுவும். தாவூதுக்கு அந்தத் தொல்லையே கிடையாது. ஆற்றையோ குளத்தையோ ஒருமுறை கடந்தால் ஒரு டிராம் நிறுத்தம். மயிலாப்பூரில் ஏறுவான், பாரிமுனை வரை போவான், அங்கிருந்து திரும்பி மயிலாப்பூரிலேயே இறங்குவான். "நம்பரு மறந்துபூடும் நைனா. வூட்டுக்குப் போற வழி மறக்குமா?" என்பான். பெருமை கொஞ்சநஞ்சமில்லை அவனுக்கு. ரம்ஜான் மாதத்தில் மட்டும் மவுண்ட் ரோடு வந்தால் பிரியாணிக் கடை நினைவு வந்து கணக்குத் தப்பிவிடும் என்று அவனே ஒப்புக்கொண்டிருக்கிறான்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிய வருஷம் எங்கள் குடும்பம் கும்பகோணத்துக்கு ஓடியது. டிராம் ஓடும்வரை நகரமாட்டேன் என்று அவன் அத்தா இருந்துவிட்டார்; அவனும் இருந்துவிட்டான். சில மாதங்கள் கழித்து நான் திரும்பி வந்தபோது அவன் தோள் இரண்டும் அகன்று, ஆளே மாறியிருந்தான். "ஆறு மொத்தமும் நமக்குத்தான். குறுக்க ஒருத்தன் வர்ல. ஜப்பான்காரன் ரொம்ப நல்லவன் நைனா!" என்றான். அன்று அவனோடு நீந்தியபோதுதான் இவன் சும்மா ஆற்றில் ஆடுகிற ஆள் இல்லை, எங்கேயோ போகப்போகிறவன் என்று எனக்கு உறைத்தது.

சுதந்திரம் வந்தது. வெளிநாட்டுக்குப் போகும் நம் நாட்டு நீச்சல் அணியில் நீண்ட தூர ஃப்ரீஸ்டைலுக்கு ஒரே ஓர் இடம். அதற்கான தேர்வுப் போட்டி எங்கள் ஊர்க் கடற்கரையோரக் குளத்தில்; நானும் பேர் கொடுத்திருந்தேன். அந்த இடம் தாவூதுக்கு எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியும். எனக்கு அது கிடைக்காவிட்டால் அப்பாவின் அலுவலகம் இருந்தது. அவனுக்கோ, வேலை தேடு என்று வீட்டில் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். இதில் தோற்றால் நீச்சலையே விட்டுவிடுவதாக அத்தாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

காலையில் போட்டி. கடைசிச் சுற்று தொடங்கும்போது மணி அடிப்பார்கள். மணி கேட்டது. நான் உயிரைக் கொடுத்து நீந்தி, எல்லோருக்கும் முன்னால் சுவரைத் தொட்டேன். கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள், கழுத்தில் மாலை விழுந்தது. மற்றவர்களும் வந்து ஏறினார்கள். தாவூத் மட்டும் சுவரைத் தொட்டுத் திரும்பி மறுபடி நீந்தத் தொடங்கினான்!

"ஏம்ப்பா, வெளியே வா! போட்டி முடிஞ்சுபோச்சு!" என்று நடுவர் கத்தினார்.

"ராயப்பேட்டதான் சார் வந்துகீது! நான் மயிலாப்பூர்ல எறங்கணும்!" என்று கத்திவிட்டு அவன் பாட்டுக்குப் போனான்.

குளமே சிரித்தது. பையனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றார் ஒருவர். அவன் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்து, சுவரைத் தொட்டு, நிதானமாக ஏறி நின்று தலையை உதறினான். அதற்குள் கடிகாரத்தை வைத்திருந்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் எடுத்துக்கொண்ட நேரம் உண்மையானால் உலகத்தில் எவனும் என் கிட்டே வரமுடியாது! என் அப்பாவோ அதை அப்படியே நம்பி, "பார்த்தேளா, எங்காத்துப் பிள்ளை லோகத்தையே ஜெயிச்சுட்டான்!" என்று பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். மணியை ஒரு சுற்று முன்னதாகவே அடித்துவிட்டார்கள் என்பதை அவருக்குப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

முழுத் தூரத்தையும் நீந்தியவன் தாவூத் ஒருவன்தான். இடம் அவனுக்குத்தான் என்று நான் சொன்னேன். மணி அடித்த தவறு எங்களுடையது, அதனால் மாலையில் எல்லோரும் மறுபடி நீந்த வேண்டும் என்று நடுவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். தாவூதின் அத்தாவும் அவரோடு காக்கிச் சட்டையில் வந்திருந்த டிராம்காரர்களும் சண்டைக்கே போய்விட்டார்கள். தாவூத்தான் அவர்களை அடக்கினான். "உடு அத்தா. சாயங்காலம் இன்னொரு ட்ரிப் அடிச்சா போச்சு."

மாலைக்குள் செய்தி லஸ் முழுக்கப் பரவியிருந்தது. குளத்தின் சுவர்மேலெல்லாம் ஆள். காலையில் பட்ட அவமானம் போதும், இந்த முறை மணியே கிடையாது என்று நடுவர் அறிவித்தார். எண்ணிக்கையை நடுவர்கள் மூவரும் பார்த்துக்கொள்வார்களாம், நாங்கள் நீந்தினால் போதுமாம். நானோ மணியையே நம்பி வளர்ந்தவன்.

குதித்தோம். கடல் காற்று தண்ணீரைக் கலைத்துக்கொண்டிருந்தது. பாதியிலேயே மற்றவர்கள் பின்தங்கிவிட்டார்கள். நானும் தாவூதும் தோளுக்குத் தோள். மூச்செடுக்கத் தலை திருப்பும்போதெல்லாம் அவன் கை தெரிந்தது. இதுதான் கடைசிச் சுற்று என்று எனக்கு எப்போது தோன்றியதோ தெரியாது, மிச்சமிருந்த பலத்தையெல்லாம் திரட்டி அடித்தேன். அவனைத் தாண்டினேன்! கூட்டம் காது கிழியக் கத்தியது. ஜெயித்தாயிற்று என்று சுவரைத் தொட்டுக் காலை ஊன்றி நிற்கப்போனேன்.

பின்னாலேயே வந்து சுவரைத் தொட்ட தாவூத் தலையைத் தூக்கினான். "நிக்காதே! இன்னும் ஒரு ரவுண்டு கீது, போ, போ!" என்று என்னைப் பார்த்து அலறினான்.

யோசிக்க நேரமில்லை. சுவரை உதைத்துப் பாய்ந்தேன். கத்திய கத்தலில் மூச்சுத் தடுமாறி அவன்தான் பின்தங்கினான். போகும்போது நான் முன்னால். திரும்பும்போதும் நான் முன்னால். என் கை மரத்துவிட்டது, இருந்தும் விடவில்லை. அவனும் விடவில்லை. என் இடுப்பளவுக்கு வந்தான், தோளுக்கு வந்தான். எங்கள் இருவர் கைகளும் ஒன்றாகச் சுவரில் அறைந்ததாகத்தான் எனக்குத் தெரிந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த நடுவர்கள் மூவரும் ஒரே குரலில் "தாவூத்!" என்றார்கள். டிராம்காரர்கள் உடுப்போடு குளத்தில் குதித்தார்கள். நானும் அவனைக் கட்டிக்கொண்டு கத்தினேன். தோற்றுவிட்டோம் என்பது வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

கப்பல் பம்பாயிலிருந்து புறப்பட இருந்தது. சென்ட்ரலில் அவனை வழியனுப்பப் போனேன். ரயில் கிளம்பும் நேரம். மனசில் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேவிட்டேன்: "ஏன்டா அன்னிக்குக் கத்தினே? நான் பாட்டுக்கு நின்னுண்டிருப்பேன். நீ சாவகாசமா வந்து ஜெயிச்சிருக்கலாமே!"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இவனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பதுபோல என்னைப் பார்த்தான். "நீ நின்னுட்டா நான் யார்கூட நீஞ்சறது?"

வெளிநாட்டில் அவன் இறுதிப் போட்டி வரை தேறினான். திரும்பி வந்த பிறகு நீண்ட தூர நீச்சலில் வருஷக்கணக்காக அவனை இந்த நாட்டில் யாரும் தொட முடியவில்லை. அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மாலை போட்டிருக்கிறீர்கள், தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள். உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஊர் திரும்பிய மறுநாளே விடியற்காலையில் எங்கள் வாசலில் வந்து நின்று, "வா, போலாம்" என்றான். போனேன். அவன் போட்டிகளை விடும்வரை அந்தக் குளத்தில் அவனுக்குப் பக்கத்தில் நீந்தியவன் நான்தான். ஒருநாள்கூட ஜெயித்ததில்லை. பின்னால் வந்துகொண்டிருக்கிறேனா என்று அவன் திரும்பிப் பார்ப்பான், வந்துகொண்டிருப்பேன். உடனே வேகத்தைக் கூட்டுவான்.

பதக்கங்கள் மெஹரிடம் இருக்கின்றன. விருப்பமானதை எடுத்துக்கொள்ளுங்கள் மாமா என்றாள். வேண்டாம் என்றேன். அவன் ஜெயித்த ஒவ்வொரு போட்டிக்கும் பின்னால் நான் அவனிடம் தோற்ற காலைகள் இருக்கின்றன. அவை என்னுடையவை. அவற்றை நான் யாருக்கும் தருவதாக இல்லை.