பிங் போகிறது, அரிசி வரவில்லை

மேகம்தான் டேட்டா பாக்கெட்டைத் தின்கிறது என்று முதலில் நம்பினேன். வயர்லெஸ் வேலையிலேயே தலை நரைத்தவன், கொட்டச்சேடு ரேஷன் கடைக் கூரையில் ஏறி ஆன்டெனாவுக்குக் குடை கட்டினேன். காற்றில் குடை போனது. டேட்டாதான் போகவில்லை.

கீழே கைரேகை மெஷின் முன்னால் வரிசை. விரலை வைத்தால் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, மீண்டும் முயலவும் என்றது. மாதக் கடைசி நாள். அன்றைக்குள் ரேகை ஏறாவிட்டால் அந்த மாத அரிசி கிடையாது. வரிசையில் முதல் ஆள் செல்லம்மா.

"ஏனுங்க, நேத்தும் வந்தேன், இன்னிக்கும் வந்தேன். நீங்க மேல ஏறிக் குடை பிடிக்கறீங்க. எந்தச் சாமிக்குங்க?"

பதறிப்போய் சேலத்தில் இருக்கும் எங்கள் மேனேஜருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன்.

"பிங் போகுதுல்ல? அப்ப நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு. காப்பி பறிக்கிற கைங்க, ரேகை தேஞ்சிருக்கும்."

செல்லம்மா கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். "போன மாசம் இருந்துச்சுங்களே."

அப்போதுதான் எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. பிங் என்பது லைன் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் சின்னப் பாக்கெட், எந்தச் சந்திலும் நுழைந்துவிடும். கைரேகை பெரிது. பெரிய பாக்கெட்டாக பிங் விட்டேன். பாதிக்கு மேல் வழியிலேயே செத்தது.

ரூட்டைப் பார்த்தேன். சிக்னலை வாங்கி அடுத்ததுக்குத் தரும் ரேடியோப் பெட்டிக்கு நோட் என்று பெயர். கடை நோட் டேட்டாவைப் பக்கத்து எஸ்டேட் பங்களா நோட்டுக்குத் தர வேண்டும், அது குன்றின் மேலுள்ள நோட்டுக்குத் தரும். இப்போதோ கடை, பங்களாவை விட்டுவிட்டு நேரே குன்றோடு பேசிக்கொண்டிருந்தது. நடுவில் சில்வர் ஓக் மரங்கள் சுவராக நிற்குமே என்று எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரைக் கேட்டேன்.

"மழைக்கு முன்னால நிழல் மரத்துக் கிளையைக் கழிச்சோமுங்க. வருஷா வருஷம் நடக்கறதுதானுங்களே. உங்க ஒயரு ஏதும் அறுந்துடுச்சுங்களா?"

"ஒயரே இல்லைங்க."

"அப்ப நாங்க அறுக்கலைங்க."

கிளைகள் போனதும் குன்று நோட்டின் சிக்னல் கடைக்கு, சின்னப் பாக்கெட்டுக்கு மட்டும் போதுகிற அளவு மெலிதாக எட்டியிருக்கிறது. நோட்டுக்கு நோட் தாவுவது குறைந்தால் அதுவே நல்ல வழி என்று செட்டிங் வைத்தது சேலம் ஆபீஸ். ரிப்போர்ட் அழகாக இருக்குமாம்.

மறுபடி மேனேஜருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "செட்டிங்கைத் தொடாதீங்க, திங்கக்கிழமை பார்க்கலாம்," என்றார்.

"அரிசி இன்னியோட முடியுதுங்க," என்று போனை வைத்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று: பெரிய பாக்கெட் விட்டுப் பார்க்காமல் யார் விரலையும் குறை சொல்லாதீர்கள்.

கடை நோட்டில் குன்று நோட்டைத் தடுத்தேன். வழி பங்களாவுக்குத் திரும்பியது. செல்லம்மா அதே கட்டைவிரலை வைத்தார். முதல் தடவையிலேயே ஏறியது.