கட்டைக்கும் சுரத்துக்கும் நடுவே

எங்கள் ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிற அண்ணன் போனில் சொன்னது ஒரே ஒரு வரிதான். "தம்பி, உன் கை பின்னாடி விழுதுப்பா."

இருபது வருஷமாகத் தர்மபுரி சுற்றுவட்டாரத் திருவிழாக்களில் அவருடைய டோலக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீபோர்டு வாசிக்கிறேன். மற்ற நாட்களில் நல்லம்பள்ளி உரக்கடையில் வேலை. இத்தனை வருஷத்தில் என் கையைப் பற்றி அவர் குறை சொன்னதே கிடையாது. இப்போது தீர்த்தமலைக்குப் போகிற பக்தர்களுக்காக ஒரு பாட்டு வெளியிடுகிறார். பாடகியின் குரலை மட்டும் எனக்கு அனுப்பி, அதற்கு வீட்டிலேயே கம்ப்யூட்டரில் கீபோர்டு வாசித்துப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார். அனுப்பியதற்கு வந்த பதில்தான் அது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாக வராவிட்டால் பாலக்கோட்டில் இருக்கிற இன்னொருவரிடம் கொடுத்துவிடுவாராம்.

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். அன்றைக்கும் வந்தது. பதிவைப் போட்டுக் கேட்டதும் போய்விட்டது. அவர் சொன்னது நிஜம். குரல் ஓரடி வைத்த பிறகுதான் என் சுரம் வந்து சேர்ந்தது. நாற்பத்தேழு வயதாகிறது, விரல் மந்தமாகிவிட்டதோ என்று பயந்தேன். பாட்டு கைவிட்டுப் போவதைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

மறுபடி வாசித்தேன். மறுபடியும் பின்னால்தான் விழுந்தது. பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, மொதல்ல கட்டை 'டொக்'குனு கேக்குது, அப்பறந்தான் பாட்டுச் சத்தம் வருது. வூட்டுக்குள்ள எங்கியோ இருக்கற எனக்கே தெரியுது. உங்களுக்குத் தெரியலீங்களா?"

தெரியவில்லை. அவள் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் தெரியவில்லை. என் கீபோர்டு எந்தக் கட்டையை அழுத்தினேன் என்கிற சேதியை மட்டும்தான் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். சத்தத்தைக் கம்ப்யூட்டர் உண்டாக்கி, மேசைமேல் இருந்த ப்ளூடூத் ஸ்பீக்கருக்கு அனுப்பும். நடுவில் எங்கோ நேரம் போகிறது. எங்கே என்று கண்டுபிடிக்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

செல்போனைக் கீபோர்டின் ஓரத்தில் வைத்துப் பதிவு செய்தேன். திரையில் ஒலியின் அலைக்கோட்டில் இரண்டு மேடு தெரிந்தது. சின்னது கட்டையின் டொக், பெரியது ஸ்பீக்கரின் சுரம். நடுவில் என் சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு வெற்றிடம். திருடனைப் பிடித்த சந்தோஷம் எனக்கு. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஒயர் ஹெட்போனைச் செருகி, அதன் காதுப் பக்கத்தைச் செல்போனருகே பிடித்தேன். இடைவெளி பாதிக்கும் கீழே போனது. பாதிக்குமேல் பழி ப்ளூடூத்துக்கு.

மீதியைத் தேடி ரெக்கார்டிங் மென்பொருளின் செட்டிங்ஸுக்குள் போனேன். பஃபர் என்று ஒன்று இருந்தது. பாலக்கோடு மண்டியில் தக்காளிப் பெட்டி போதுமான அளவு சேர்ந்த பிறகுதான் வண்டி கிளம்பும், இல்லையா? அதேபோல் கம்ப்யூட்டரும் சத்தத்தைக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டுதான் வெளியே விடுகிறது. அளவைப் பாதியாக்கினேன், இடைவெளி குறைந்தது. ஆசை விடவில்லை. இன்னும் குறைத்தேன், இன்னும் குறைத்தேன். கடைசியில் கம்ப்யூட்டர் ஈடுகொடுக்க முடியாமல் சத்தம் சோளம் பொரிகிற மாதிரி படபடத்தது. ஒரு படி மேலே ஏற்றி நிறுத்தினேன். இப்போது இரண்டு மேடும் ஒட்டிக்கொண்டு நின்றன.

வெற்றிக் களிப்போடு முழுப் பாட்டையும் வாசித்துப் பதிவைப் போட்டுக் கேட்டேன். எல்லாச் சுரமும் குரலுக்கு முன்னால் விழுந்திருந்தது.

தலையைப் பிய்த்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது. இப்போது முந்துவது நான்தான்.

மறுநாள் உரக்கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது சாலையில் கல்யாண ஊர்வலம் ஒன்று போனது. மேளமும் ஹார்ன் ஸ்பீக்கர் கட்டிய வண்டியும் தெருமுனையை எட்டியபோது, மேளத்தில் கை விழுவது முதலில் தெரிந்தது, சத்தம் ஒரு கணம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. மூட்டையை அப்படியே வைத்துவிட்டு நின்றேன். எங்கள் மேடையில் டோலக் என் காதருகே ஒலிக்கும். என் கீபோர்டுக்கோ மேடையில் ஸ்பீக்கர் கிடையாது, அதன் சத்தம் மைதானத்தின் கடைசியில் கட்டிய ஹார்னிலிருந்துதான் எனக்குத் திரும்பி வரும். இரண்டும் காதில் ஒன்றாகச் சேரவேண்டுமென்றால் கட்டையைக் கொஞ்சம் முன்கூட்டியே அழுத்தவேண்டும். யாரும் சொல்லித் தராமல் இருபது வருஷமாக என் கை அதைத்தான் செய்துவந்திருக்கிறது. டொக்குக்கும் சுரத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி எனக்கு மட்டும் கேட்காமல் போனதும் அதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சுரத்தை எதிர்பார்த்துக் கை முந்தாமலிருக்க, ஹெட்போனில் கீபோர்டின் சத்தத்தையே நிறுத்திவிட்டு, குரலை மட்டும் சின்னதாக வைத்துக்கொண்டேன். குரலோடு கட்டையின் டொக் சேர்ந்தால் போதும் என்று வாசித்தேன். என் இசையை நானே கேட்காமல் வாசிப்பது விசித்திரமாக இருந்தது. ஐந்தாவது தடவை நூல் பிடித்த மாதிரி விழுந்தது. அனுப்பிவிட்டு, சாப்பிடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அண்ணன் கூப்பிட்டார். "சுத்தமா இருக்குப்பா. பாட்டு உனக்குத்தான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, ப்ளூடூத், பஃபர், மைதானத்து ஹார்ன் என்று நடந்த கதை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"எல்லாஞ் சரி தம்பி," என்றார். "செவ்வாக்கெழம திருவிழாவுக்கு மட்டும் அந்தப் பழைய கையோடவே வந்துரு. ஹார்ன இன்னும் மைதானத்துக் கடைசியிலதான் கட்டறாங்க."