ஆடவிட்ட மஞ்சள் பந்து

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. எதிர்முனையில் சரசு அண்ணி. அவர் தானாக எனக்குப் போன் போட்டதே இல்லை. பார்வை மங்கியதில் திரையில் எண் தெரியாது என்பதால் எப்போதும் அண்ணன்தான் போட்டுக் கொடுப்பார்.

"தம்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகிட்டச் சொல்லிப் போடச் சொன்னேன்," என்றார். அப்படியானால் அண்ணன் எங்கே?

"அண்ணன் போயிட்டாரு தம்பி. விடியக்காலையில நெஞ்ச அடைக்குதுன்னாரு. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

நான் இருக்கும் சிலிம் ரிவரிலிருந்து அண்ணன் குடியிருந்த ஈப்போவுக்குக் காரை எப்படி ஓட்டிக்கொண்டு போனேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வழியெல்லாம் என் காரின் முன்பலகைக்குள் எங்கோ ஒரு டிக் டிக். வேறு நாளாக இருந்தால் அண்ணனை அழைத்திருப்பேன். "சத்தம் வர்ற பக்கம் போனப் புடி லா, மணியம்," என்று சொல்லிக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, எந்தத் திருகாணி என்று சொல்லிவிடுவார். இனி யாரிடம் கேட்பது? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இதை எழுதும்போதும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து வாசல்வரை போகிறேன், திரும்பி வருகிறேன்.

தனபாலன் அண்ணன் சிலிம் ரிவருக்கு வெளியே இருந்த ஒரு கித்தாத் தோட்டத்தில், ரப்பர் மரம் சீவிய குடும்பத்தில் பிறந்தவர். நானும் அதே தோட்டம்தான். தஞ்சோங் மாலிமில் கார்த் தொழிற்சாலை வேலைக்கு ஆள் எடுத்தபோது இருவரும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தோம். செய்து முடித்த கார்களை மேடு பள்ளமான பாதையில் ஓட்டி, எங்கே சத்தம் வருகிறது என்று காது கொடுத்துக் கேட்பது எங்கள் பிரிவின் வேலை. நாங்களெல்லாம் கேட்டோம், அவருக்குத் தானாகவே கேட்டது. "காடி வாயத் தொறந்து பேசக் கூடாது லா. பேசுச்சுன்னா அதுக்கு எங்கயோ நோவுன்னு அர்த்தம்," என்பார்.

அந்தக் காது அவரை எங்கேயும் நிம்மதியாக இருக்க விட்டதில்லை. என் கல்யாணத்தில் கெட்டிமேளம் முழங்குகிறது, ஊரே அட்சதை போடுகிறது, அண்ணன் மட்டும் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகு விசாரித்தால், "அந்தக் காத்தாடியில ஒரு ஸ்குரூ லூசு மணியம், உன் தலையில விழுந்துருமோன்னு பயந்துட்டேன்," என்றார். தாலி கட்டிய கையோடு நானும் அண்ணாந்து பார்த்தேன். பார்க்கத்தான் தெரிந்ததே தவிர, எனக்கு ஒரு மண்ணும் கேட்கவில்லை.

ஓய்வு பெற்றதும் அவரும் அண்ணியும் ஈப்போவுக்குக் குடிபோனார்கள். பிள்ளைகள் இல்லை. அண்ணிக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், கண்ணில் இறங்கியிருந்தது. கண் மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். முகங்கள் தெரியாது, எழுத்து தெரியாது, வெளிச்சமும் நிறமும் மங்கலாகத் தெரியும். ஆனால் கையைப் பிடித்து அழைத்துப் போக யாரையும் விட மாட்டார். "கயித்தப் புடிச்சு இழுத்துட்டுப் போக நான் என்ன மாடா?" என்று ஒருமுறை என்னையே விரட்டியிருக்கிறார். பாசாருக்குள், காய்கறிச் சந்தைக்குள், தனியாகப் போய், தொட்டுப் பார்த்து, மோந்து பார்த்து, பேரம் பேசி வாங்கி, தானாக நடந்து வந்து காரில் ஏற வேண்டும். அந்த ஒன்றையாவது அவரிடமிருந்து பிடுங்கிவிடக் கூடாது என்பதில் அண்ணன் உறுதியாக இருந்தார்.

தொல்லை என்னவென்றால், பாசாருக்கு வெளியே நிற்கும் கார்களில் பாதி ஒரே வெள்ளி நிறம். அண்ணனுடையதும் அதுவே. ஒருநாள் இரவுச் சந்தையில் காரின் பின்கூரையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஏரியல் கம்பி நுனியில் செருகும் மஞ்சள் பிளாஸ்டிக் பந்து ஒன்றை வாங்கி வந்தார். சிரிக்கிற முகம் வரைந்தது. அதை மாட்டிய நாளிலிருந்து அண்ணி கூடையோடு வெளியே வருவார், ஒரு கணம் நிற்பார், பிறகு நேராக வந்து கதவைத் திறந்து உட்கார்ந்து, "லேட்டு," என்பார். அண்ணன் அங்கே அரை மணி நேரமாகக் காத்துக் கிடந்திருப்பார். ஆனாலும், "சோரி மேடம்," என்றுதான் பதில் சொல்வார். தினமும் இதே கூத்து.

கொஞ்ச நாளில் வெயில் அந்தச் சிரிப்பை அழித்துவிட்டது. வெறும் மஞ்சள் உருண்டை மிஞ்சியது. அண்டை வீட்டுக்காரர் ஒருவர் அதை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணே, எலுமிச்சம்பழத்த டயருக்கு அடியிலதான வைப்பாங்க, நீங்க மேல குத்தி வச்சிருக்கீங்க. இது எந்தக் கோயில் முறை?" என்று கேட்டாராம். "காடி பறக்கப் போவுது, அதான் மேல வச்சிருக்கேன்," என்றாராம் அண்ணன். மறுவாரம் அந்தத் தெருவில் இன்னொரு கார் ஏரியலில் நிஜமான எலுமிச்சம்பழம் செருகப்பட்டிருந்ததை நானே பார்த்தேன். சிரித்து மாளவில்லை.

பிறகு வந்தது வினை. காற்றிலும் குலுங்கலிலும் பந்தின் ஓட்டை அகன்று, சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் டொக் டொக் என்று ஆட ஆரம்பித்தது. ஊரார் கார்ச் சத்தத்தையெல்லாம் அடக்கியவரின் தலைக்கு மேலேயே சத்தம்! மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. டேப் சுற்றினார், வெயிலில் பிசுபிசுத்துக் கழன்றது. பசை ஊற்றினார், ஒரு மழையோடு விட்டது. ஒவ்வொரு தடவையும் எனக்குப் போன். "இது என்னயப் பைத்தியமாக்கப் போவுது மணியம்."

கடைசியில் ஒருநாள் காரை எடுத்துக்கொண்டு சிலிம் ரிவருக்கே வந்துவிட்டார். பழைய தோட்டமெல்லாம் இப்போது செம்பனை. ஆற்றோரம் மட்டும் கவனிப்பாரில்லாத சில கித்தா மரங்கள் நிற்கின்றன. யாரோ இன்னும் சீவுகிறார்கள். வெட்டுக்காயத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை நாடா நாடாவாக உரித்தார். சின்ன வயதில் அதைச் சுற்றிச் சுற்றித்தான் நாங்கள் பந்து செய்வோம். இப்போது அதை ஏரியல் நுனியில் இழுத்துச் சுற்றி, மேலே மஞ்சள் பந்தை வைத்து அழுத்தினார். அவ்வளவுதான். ஆணி அடித்த மாதிரி நின்றது. என்னை ஏற்றிக்கொண்டு அந்த வட்டாரத்துப் பள்ளம் ஒன்று விடாமல் இறக்கிக் காட்டினார். ஒரு சத்தம் இல்லை. "கேட்டியா?" என்றார். "ஒண்ணும் கேக்கலியே அண்ணே." "அதான்!" அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அண்ணிதான், "இது என்ன லா நாத்தம், செத்த எலியா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாராம்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஈப்போவில் இருந்தேன். பாசாருக்கு வெளியே அண்ணனும் நானும் காரில் காத்திருந்தோம். அண்ணி கூடையோடு வந்தார், நின்றார். முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு நடந்தார்; எங்களைத் தாண்டிப் போனார். அண்ணன் கதவைத் திறந்து இறங்குவதற்குள், தள்ளி நின்ற இன்னொரு வெள்ளி நிறக் காரின் கதவைத் திறந்து உட்கார்ந்து, "லேட்டு," என்றுவிட்டார்.

உள்ளே ஒரு சீனப் பெரியவர் பாவ் தின்றுகொண்டிருந்தார். "ஆன்ட்டி, சாலா கெரெத்தா லா," என்றார், இது வேறு கார் என்று. நல்ல மனிதர். இறங்கி வந்து கூடையை வாங்கிக்கொண்டார். அண்ணி அவரிடம் சிரித்துப் பேசி மன்னிப்புக் கேட்டார். எங்கள் காரில் ஏறிக்கொண்டார். வீட்டு வாசல் வந்த பிறகுதான் பேசினார்.

"நெறமெல்லாம் எப்பவோ கரைஞ்சு போச்சுங்க. அது ஆடுறதுதான் எனக்குத் தெரியும். எல்லாம் ஒரே சாம்பலா இருக்கும், அதுல ஒண்ணு மட்டும் ஆடும். அதப் பாத்துத்தான் வருவேன். சொன்னா கையப் புடிச்சுக்குவீங்கன்னு சொல்லல."

அண்ணன் இறங்கினார். காரைச் சுற்றிப் பின்னால் போய், பந்தைப் பிடுங்கி, அத்தனை பாடுபட்டுச் சுற்றிய ஒட்டுப்பாலை நகத்தால் உரித்துப் போட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. "கொஞ்சமா வச்சுப் பாப்போமே அண்ணே? ஆடவும் ஆடும், சத்தமும் கொறையும்," என்றேன்.

"வேணாம். ஆடட்டும் லா," என்று வெறும் கம்பியிலேயே பந்தைத் திரும்பச் செருகினார்.

அதன் பிறகு சாகும்வரை அந்தச் சத்தத்தோடுதான் கார் ஓட்டினார். அது எப்பேர்ப்பட்ட காரியம் என்று அவரோடு வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் தாடை இறுகுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். காற்றே இல்லாத நாளில், அண்ணி வெளியே வரும் நேரம் பார்த்து இறங்கிப் போய் அதை விரலால் ஒரு சுண்டு சுண்டிவிட்டு, ஒன்றும் அறியாதவரைப் போல வந்து உட்கார்ந்துகொள்வார்.

சுடுகாட்டுக்கு அண்ணியும் வந்தார். எல்லாம் முடிந்து, தள்ளி நிறுத்தியிருந்த அண்ணனின் காரை நான் எடுத்துவரப் போனேன். திரும்பி வந்து நிறுத்தினால், சுடுகாட்டு மண்டபப் படியில் அண்ணி தனியாக நிற்கிறார். அவருடைய தங்கை கையைப் பிடிக்க வந்தார், அண்ணி உதறிவிட்டார். முன்னும் பின்னும் வெள்ளி நிறக் கார்கள். இலைகூட அசையவில்லை. அண்ணியின் முகம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்புகிறது. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்புறம் இறங்கிப் பின்னால் போய் அந்தப் பந்தைச் சுண்டினேன்.

முகம் நின்றது. ஒரு படி, இன்னொரு படி, பிறகு நேராக நடந்து வந்தார். நான் ஓடிப்போய் என் இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன். கதவைத் திறந்தார், ஏறினார், சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"லேட்டு," என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. 'சோரி மேடம்' என்பது அண்ணனின் பதில், என்னுடையது அல்ல. காரை மெல்ல நகர்த்தினேன். வாசல் மேட்டில் ஏறி இறங்கியபோது தலைக்கு மேல் டொக் டொக் என்றது.

"இந்தச் சத்தத்துக்கு எப்படிப் பல்லக் கடிப்பாரு தெரியுமா தம்பி," என்றார் அண்ணி. "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டாரு. கண்ணுதான போச்சு, காது நல்லாத்தான் இருக்கு. பள்ளம் வந்தா பல்லு நறநறங்கும், எனக்குக் கேக்கும்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. சாலையோரம் காரை நிறுத்திவிட்டு அழுதேன்.

போய் வாருங்கள், அண்ணே. உங்கள் கார் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. அதை நாங்கள் இறுக்க மாட்டோம்.