நூறுக்கு ஒரு சிவப்புக் கோடு

சுலோச்சனா பதினோரு வருடமாக விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறாள். பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைப் பளபளப்பு தரும் கிளேஸ் கரைசலில் முக்கி எடுத்துப் பலகையில் அடுக்குவது அவள் வேலை. நாளொன்றுக்கு ஆயிரம் கட்டையாவது அவள் விரல் வழியாகப் போகும். எந்த ஊரில் விளக்கு எரிந்தாலும் அதில் தன் கை இருக்கிறது என்பாள். ஆனால் அவள் குடியிருக்கும் தெற்குத் தெருவில் குடிநீர்க் குழாய் கிடையாது. காலையில் நாலு குடம், மாலையில் மூன்று, எல்லாம் வடக்குத் தெருவிலிருந்து இடுப்பில்தான் வந்தாக வேண்டும்.

இரண்டாயிரத்து ஏழு ஆடி மாதத்தில் மகளிர் குழுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். "கிராம சபைக்கு உறுப்பினர் யாரு?" என்று பயிற்சி கொடுக்க வந்த பெண் கேட்டாள். தலைவர் என்றார்கள் சிலர், வார்டு மெம்பர் என்றார்கள் சிலர். சுலோச்சனா துணிந்து, "கிளார்க்குங்க" என்றாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "ஓட்டு லிஸ்ட்டுல பேரு இருக்கிற நீங்க எல்லாருந்தாம்மா."

திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்தும் அவளால் உட்கார முடியவில்லை. இத்தனை வருடம் ஒரு பதவியில் இருந்திருக்கிறாள், அவளுக்கே தெரியாது.

மறுநாளே ஊராட்சி கிளார்க் தங்கராசுவைப் போய்ப் பிடித்தாள். "அண்ணே, எங்க தெருவுக்குக் கொழாய் வேணும்னு தீர்மானம் போடணும்."

"போடலாம்மா. ஆகஸ்ட் பதினஞ்சு சபைக்கு நூறு தல வந்து உக்காரணும். நீ எங்க போயி கூட்டியாருவ? கொடி ஏத்துவாங்க, மிட்டாய் குடுப்பாங்க, வாயில போட்டுக்கிட்டே வூட்டுக்குப் போயிடுவாங்க. முப்பது பேரு மிஞ்சுனா பெரிசு."

அவர் சொன்னது பொய்யில்லை. சுலோச்சனாவே போன வருடம் ஆரஞ்சு மிட்டாயோடு வீட்டுக்கு நடந்தவள்தான்.

ஆனால் இது சுதந்திரத்தின் அறுபதாம் ஆண்டு நிறைவு. டிவியில், டீக்கடையில், எங்கே பார்த்தாலும் அறுபது. அந்தச் சூட்டிலேயே அவளுக்கு யோசனை பிறந்தது. சூளைக்குப் போகுமுன் உடைந்த பச்சைக் கட்டைகளின் மண்ணைப் பிசைந்து ரூபாய் அகலத்தில் வில்லை தட்டினாள். ஒரு பக்கம் 60 என்று கீறினாள், மறுபக்கம் சோடா மூடியைக் கவிழ்த்து அழுத்தினாள். அழுத்தின இடத்தில் சக்கரம் மாதிரி விழுந்தது.

அதே பேட்டையில் சூளை அடுக்கும் அவள் புருஷன் சிங்காரவேல் ஒன்றை எடுத்து எண்ணினான். "கொடியில இருக்குற சக்கரத்துக்கு இருபத்திநாலு கம்பி. இதுல இருபத்தொண்ணுதான் இருக்குது. மூணு எங்கடி?"

"மூணையும் நீ முழுங்கிட்ட. போயி சூளையில மூலை ஒண்ணு பிடிச்சி வையி."

நூற்றைம்பது வில்லை காய்ந்தது. டீக்கடை கொளஞ்சியப்பனிடம் பெரிய மிட்டாய் ஜாடி ஒன்றை இரவல் வாங்கினாள். வில்லைகளில் நூறை எண்ணிப் போட்டு, மட்டம் எட்டிய இடத்தில் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு கோடு இழுத்தாள். பிறகு முதலாளியிடம் சொல்லிவிட்டு வில்லைகளையெல்லாம் சூளைக்கு அனுப்பினாள்.

வெந்து வந்த வில்லைகளோடு வீடு வீடாக ஏறினாள். "ஓட்டு உள்ள ஆளுக்கு ஒண்ணு. நீங்கதான் உறுப்பினரு. வந்து ஜாடியில போடுங்க, கோடு தொட்டாத்தான் கூட்டம்." சிலர் சிரித்தார்கள். சிலர், "என்னா, பீங்கான் பத்திரிகையா?" என்று கேட்டு மடியில் முடிந்துகொண்டார்கள். ஊராட்சித் தலைவர் நீலாவதியிடம் ஒரே ஒரு வரம் கேட்டாள். "கோடு தொடுற வரைக்கும் மிட்டாய் டப்பாவைத் தொறக்காதீங்க." நீலாவதிக்கும் அது பிடித்துப்போனது.

ஆகஸ்ட் பதினைந்து. கொடி ஏறியது. மேசைமேல் ஜாடி. டங், டங் என்று வில்லைகள் விழ ஆரம்பித்தன. வேப்பமரத்தடி நிறைந்து, மைக்செட் பக்கமும் ஆட்கள் நின்றார்கள். அத்தனை தலையை அந்த இடத்தில் பொங்கலுக்குக்கூட அவள் பார்த்ததில்லை.

பிறகு டங் சத்தம் நின்றது. ஜாடியில் மட்டம் கோட்டுக்கு நாலு விரல் கீழே.

தங்கராசு நோட்டை மூடினார். "நீ போட்ட கோடுதாம்மா. எட்டல. அடுத்த சபை அக்டோபர் ரெண்டு, அப்ப பாத்துக்கலாம்."

பின்வரிசை எழுந்து வேட்டியைத் தட்டியது. "மிட்டாயாவது குடுங்கப்பா!" என்று ஒரு குரல். சுலோச்சனா ஜாடிக்குள் கையை விட்டாள். ஒரு வில்லையை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். ரூபாய் அகலத்தில் தட்டியது, இப்போது எட்டணாவை விடக் கொஞ்சம்தான் பெரிது.

"அய்யய்யோ!" என்று கத்தினாள். "பச்சையா இருக்கச்சே அளந்துட்டேன்! வேக வச்சா மண்ணு சுருங்குமில்ல!"

சிங்காரவேல் தலையில் கை வைத்தான். "பதினோரு வருசமாடி!"

அவள் காதில் வாங்கவில்லை. ஜாடியை அப்படியே மேசைமேல் கவிழ்த்தாள். "யாரும் போவாதீங்க! எண்ணுங்க!" ஒன்று, இரண்டு என்று அவள் தனியாகத்தான் தொடங்கினாள். இருபதில் தெற்குத் தெருப் பெண்கள் சேர்ந்தார்கள். ஐம்பதில் எழுந்தவர்கள் நின்றார்கள். எண்பதில் கொளஞ்சியப்பன் கடையை விட்டு ஓடிவந்தார். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது என்று கூட்டமே கத்தியதில் மைக் கீச்சிட்டது. நூறு! அதோடு நிற்கவில்லை. நூற்றேழு.

"நூத்தியேழு தல. எழுதுங்கண்ணே" என்றாள், மூச்சு வாங்க.

தங்கராசு நோட்டைத் திறந்தார். பேனா எழுதாததால் உதறினார். முதல் தீர்மானம் தெற்குத் தெருக் குழாய். நீலாவதி அதை இரண்டு தரம் வாசித்தார். கைகள் உயர்ந்தன. வடக்குத் தெருக் கைகளும் இருந்தன.

மிட்டாய் டப்பா திறந்தபோது யாரும் அவசரப்படவில்லை. ரேஷன் கடை ஏன் வாரம் இரண்டு நாள் மூடிக் கிடக்கிறது என்று பின்வரிசையில் ஒருவர் கேட்க ஆரம்பித்திருந்தார்.

எல்லாம் முடிந்ததும் கொளஞ்சியப்பன் வந்து நின்றார். "ஜாடியக் குடும்மா, யாவாரம் இருக்குது."

"அக்டோபர் ரெண்டு கழிச்சி வாங்கிக்குங்கண்ணே."

பிளேடால் பழைய கோட்டைச் சுரண்டி எடுத்தாள். ஏழு வில்லைகளை மடியில் எடுத்துக்கொண்டு மீதி நூறை உள்ளே கொட்டினாள். குலுக்கி மட்டமாக்கிவிட்டு, ஆரஞ்சு மிட்டாயைக் கன்னத்தில் அதக்கியபடி நகப்பூச்சைத் திறந்தாள்.