நான்கு விரல் கீழே

இரவு நேரத்தில் ஏரியில் யார் எதைக் குத்தலாம் என்று அரசாங்கம் கவலைப்படத் தொடங்கிய ஆண்டில் விளக்கக்காவுக்கு நாற்பத்தாறு வயது. நெற்றியில் விளக்கைக் கட்டி, படகின் முனையில் நின்று, ஐந்து முனை ஈட்டியால் மீனையும் தவளையையும் குத்துவது அவள் தொழில். பின்னால் நின்று கழியூன்றிப் படகு தள்ளுபவர் அவள் கணவர். பகலில் அவருக்குச் சாவிக் கடை. இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஈட்டியைத் தொட்டதெல்லாம் துடைப்பதற்காக மட்டுமே.

தவளை சுலபம். கரையோர இலைமேல் உட்கார்ந்திருக்கும். கண்ணில் வெளிச்சம் பட்டால் போட்டோவுக்கு நிற்கும் மாப்பிள்ளைபோல விறைத்துவிடும். தெரிகிற இடத்தில் குத்தலாம். மீன் விஷயத்தில் தண்ணீர் பெரிய புளுகன். மீன் தெரிகிற இடத்தில் மீன் இருக்காது, அதற்குக் கீழே இருக்கும். ஆழத்தைப் பார்த்து இரண்டு விரலோ நான்கு விரலோ தாழ்த்திக் குத்த வேண்டும். அக்காவின் கை இதையெல்லாம் யோசிப்பதே இல்லை.

இப்படியிருக்கையில் சட்டம் வந்தது. படகில் ஏறும் ஒவ்வொருவரும் தேர்வில் தேறி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டில்லாமல் குத்தினால் படகு பறிமுதல். தேர்வு நடந்தது அலுவலக மாடியில், பகல் பதினொரு மணிக்கு, மின்விசிறிக்கு அடியில். ஏரி கோப்புக்குள் அடங்காது என்பதால், சுவரில் சாய்த்த தெர்மாகோல் பலகைக்கு நீலம் அடித்து, நடுவில் ஒரு மீன் வரைந்திருந்தார்கள்.

அக்கா மூன்று முறை குத்தினாள். மூன்றும் மீனுக்கு நான்கு விரல் கீழே.

"குறி தப்புதேம்மா," என்றார் அதிகாரி.

"பதினஞ்சு ஓட்டை விழ வேண்டிய எடத்துல அஞ்சுதான் விழுந்திருக்கு. மூணு தடவையும் அதே எடம். இதுக்குப் பேரு தப்பா சார்?"

"மீன் மேல ஒண்ணுகூட இல்லையே?"

"உங்க மீன் தப்பான எடத்துல இருக்கு. கொஞ்சம் எறக்கி வரைங்க."

அடுத்து கணவர். கண்ணை மூடாத குறையாக ஒரு குத்து. நட்டநடு வயிறு. "பிறவித் திறமை!" என்று அதிகாரி கைகொடுத்தார். சீட்டு, முத்திரை, வாழ்த்து எல்லாம் அவருக்கே.

படியிறங்கும்போது கணவர் கெஞ்சினார். "அடுத்த வாரம் திரும்ப வைக்கிறாங்களாம். படத்தப் படமா நெனச்சுக் குத்தித் தொலையேன்."

"கைக்கு ஒரு தடவை பொய் பழக்கிட்டா, ஏரியிலயும் அது பொய்தான் சொல்லும். மாட்டேன்."

"படகைத் தூக்கிட்டுப் போயிருவாங்கடி!"

"தூக்கட்டும். அவங்க முதுகுதான் வலிக்கும்."

அன்றிரவே படகு இறங்கியது. நாணல் ஓரத்தில் ஏரிக் காவலர் டார்ச் அடித்தார். "சீட்டு யாருகிட்ட?"

கணவர் கழியோடு கையைத் தூக்கினார்.

"அப்ப ஈட்டி உங்க கையிலதானே இருக்கணும்? குத்துங்க, பாப்போம்."

கணவர் சட்டப்படி, மீன் தெரிந்த இடத்திலேயே குத்தினார். ஈட்டி சேற்றில் நட்டுக்கொண்டு நின்றது. மீன் ஒரு முழம் தள்ளிப்போய், அவசரமில்லாமல் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. காவலர் சிரிப்பை இருமலாக்கப் பார்த்தார், முடியவில்லை.

அக்கா ஈட்டியைப் பிடுங்கிச் சேற்றை அலசினாள். காவலரின் டார்ச் வெளிச்சத்திலேயே குத்தினாள். மீன் படகின் பலகைமேல் துள்ளியது.

"எழுதிக்கோ தம்பி. சீட்டில்லாம குத்தினது நான்தான்."

"எழுதினா படகு போயிரும்க்கா."

"போகட்டும். ஆனா அதுக்கு மேல் வரியில, சீட்டு வச்சிருக்கறவரு சேத்தக் குத்தினாருன்னும் எழுது. ரெண்டும் ஒரே பக்கத்துல இருக்கணும். படிக்கிறவங்க படிக்கட்டும்."

காவலர் பேனா மூடியைக் கழற்றினார். நோட்டைப் பார்த்தார். பேனாவை உதறிப் பார்த்தார்.

"எழுதிட்டுக் கூப்பிடு, கையெழுத்துப் போடுறேன்," என்று சொல்லிவிட்டு அக்கா கணவர் பக்கம் திரும்பினாள். "என்ன வாயைப் பாத்துட்டு நிக்கிறீங்க? தள்ளுங்க, அந்தப் பக்கம் தவளை கத்துது."