பழைய நம்பரில் பூட்டிய வலைப்பூ

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நோட்டு, பேனா, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சாந்திகுமாருக்கு இந்த ஐம்பத்து மூன்று வயதில் ஒரே ஒரு பழக்கம்தான். வலைப்பூ எழுதுவார். குடிக்கிறவனைக்கூட ஊர் மன்னித்துவிடுகிறது. சீட்டாடுகிறவனுக்குக்கூட நாலு கூட்டாளி சேர்ந்துவிடுகிறான். காசு வராமல் எழுதுகிறவனைக் கண்டால் மட்டும் எல்லாருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. "இன்னா சார், நேத்து எத்தினி பேரு படிச்சாங்க?" என்று பக்கத்துப் பழக்கடை விநாயகம் தினமும் கேட்பார். "பதினோரு பேரு" என்று இவரும் மறைக்காமல் சொல்வார்.

சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மறுபடி கடைக்கு வந்துவிடுவார். எட்டு மணிக்கு மற்ற கடைக்காரர்கள் டிபனுக்கு எழுந்து போவார்கள். இவருக்குப் போக இடமில்லை. அந்த ஒரு மணி நேரத்தில்தான் பதினான்கு வருஷமாகப் போனிலேயே தட்டித் தட்டி எழுதினார்.

அப்படி என்னத்தை எழுதினார்? மேல்மலையனூர் அமாவாசைக்கு ஸ்பெஷல் பஸ் எந்தப் பக்கம் நிற்கும், சீயமங்கலம் குடைவரைக்குப் போனால் கதவைத் திறந்துவிட யாரைக் கேட்க வேண்டும், கோட்டை மேல் மயங்கி விழுந்த ஒரு பெரியவரை நாலு பேர் எப்படி இறக்கிக் கொண்டுவந்தார்கள், இப்படித்தான். இதற்கெல்லாம் எந்தப் பத்திரிகைக்காரன் வரப்போகிறான்? யாராவது எழுதத்தானே வேண்டும். அறுநூற்றுச் சொச்சம் பதிவுகள் சேர்ந்துவிட்டன.

ஒருமுறை சீயமங்கலம் பதிவை எவனோ அப்படியே எடுத்துத் தன் பேரில் போட்டுக்கொண்டான். வயிறெரிந்துபோன சாந்திகுமார் யாரும் காப்பி எடுக்க முடியாதபடி வலைப்பூவுக்கு ஒரு பூட்டுப் போட்டார். வலைப்பூக்காரர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான்.

போன வருஷம் ரீசார்ஜ் ஏறியபோது, "ஒரு ஆளுக்கு ரெண்டு சிம் எதுக்குங்க?" என்றாள் மனைவி தர்மவதி. நியாயமாகத்தான் பட்டது. பழைய நம்பரை ரீசார்ஜ் செய்யாமல் அப்படியே விட்டுவிட்டார். வலைப்பூவும் மெயிலும் அந்த நம்பரில் பதிவானவை என்பது சுத்தமாக மறந்துபோயிற்று. நாலு மாதத்துக்கு முன்னால் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. புதுப் போனில் உள்ளே போகப் பார்த்தால், பழைய நம்பருக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம், அதைப் போடு என்றது. உதவிப் பக்கத்தில் எழுதிக் கேட்டதற்கும் ஏதோ மெஷின் அதே பதிலைத்தான் சொல்லிற்று.

சரி, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவருக்கு வெள்ளிக்கிழமை இடி விழுந்தது. வலைப்பூவின் நெற்றியில் ஓர் அறிவிப்பு: இந்த இலவசச் சேவை ஞாயிறோடு மூடப்படுகிறது. எழுதியவர்கள் உள்ளே வந்து தங்கள் பதிவுகளை இறக்கிக்கொள்ளவும். மூன்று மாதமாக மெயில் வந்திருக்கும், அந்த மெயிலைத்தான் திறக்க முடியவில்லையே. அப்பா போட்ட பூட்டால் காப்பி எடுக்க முடியாமல் மகள் யாழினி ஒவ்வொரு பக்கமாகத் திரையைப் படம் பிடித்தாள். சனிக்கிழமை மத்தியானம்வரை மாய்ந்து மாய்ந்து எடுத்தும் ஐம்பது பதிவுகூடத் தேறவில்லை.

"அந்த நம்பருக்கே போன் பண்ணுங்க, கம்பெனில வேற யாருக்குனா குடுத்திருப்பாங்க" என்றாள் தர்மவதி.

அடித்தார். சாமுண்டீஸ்வரி என்று பேர் காட்டியது. எடுத்தவள் குரல் சின்ன வயசுப் பெண்ணுடையதுபோல் இருந்தது. சாந்திகுமார் நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னார்.

"ஓடிபி சொல்லணுமா? அதெல்லாம் முடியாதுங்க."

"அம்மா, இது பேங்க் இல்லம்மா. நான் எழுதி வெச்சது. பதினாலு வருஷம்மா. நாளைக்கு எல்லாம் அழிஞ்சிடும்." தன் குரல் உடைவதை அவராலேயே நிறுத்த முடியவில்லை. "எந்த ஊரும்மா நீங்க? நானே நேர்ல வந்து..."

"ஊரெல்லாம் எதுக்குக் கேக்கறீங்க? போன வருஷம் எங்க மாமியாரு கணக்குல இருந்ததெல்லாம் இப்பிடித்தான் பூட்ச்சி. அழுவுற மாரி பேசித்தான் வாங்கனான். அதுக்கப்புறம் எங்க ஊட்டுக்காரரு ஒண்ணு பாத்து எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வெச்சிக்கிறாரு. படிக்கட்டுமா?" அவளே படித்தாள். "'பேங்க் என்பான். சொந்தக்காரன் என்பான். கெஞ்சுவான், அழுவான். மனசு இளகிவிடாதீர்கள். நம்ம ஊர்ப் பெண்களே, போனுக்கு வரும் அந்த ஓடிபி நம்பரை மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள்.' செஞ்சியில ஒருத்தரு பிளாக்ல எழுதினது."

சாந்திகுமாருக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்திருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் எழுதிய பதிவு. ஏழு பேர்தான் படித்தார்கள் என்று அன்றைக்கு நொந்துபோயிருந்தார்.

"அம்மா, அத எழுதனதே நான்தாம்மா."

"இதையும் சொல்லுவீங்கன்னு தெரியும்" என்று அவள் வைத்துவிட்டாள். திரும்ப அடித்தால் போகவில்லை. இவர் நம்பருக்குத் தடை போட்டுவிட்டாள்.

"என் போன்ல பண்ணுப்பா. என் காலேஜ் ஐடி அனுப்பறேன், கடை போட்டோ அனுப்பறேன். நம்புவாங்க" என்று யாழினி தன் போனை நீட்டினாள்.

சாந்திகுமார் அதைக் கையில் வாங்கினார். நம்பரில் பாதிவரை அழுத்தினார். கண்ணில் நீர் நிறைந்து எண்கள் தெரியவில்லை. போனை அவளிடமே கொடுத்துவிட்டார்.

"வேணாம்மா. இப்ப அந்தப் பொண்ணு குடுத்துட்டா, நான் எழுதினது வீணாப் பூடும்."